சேணத்துக்கு அடியில் இருந்த சுழி

போன வாரம் நம் ஆறாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருவன் தன் அண்ணனின் கல்யாண வீடியோவைப் போட்டிருந்தான். மாப்பிள்ளை ஊர்வலத்தில், பேண்டு செட்டுக்குப் பின்னால், ஒரு வெள்ளைக் குதிரை வருகிறது. கொஞ்ச நேரம்தான். பிறகு கேமரா ஆடுகிறவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. "டேய், இது உங்க மாமா குதிரதான? அது இன்னாதான் ஆச்சி?" என்று உங்களில் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன், பதில் போடவில்லை. இரண்டு வரியில் தட்டி அனுப்புகிற பதில் என்னிடம் இல்லை. உட்கார்ந்து எழுதினால்தான் வரும் போலிருக்கிறது.

நான் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது உங்களுக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊரில் ஐந்தாவது வரைதான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் பையன் அதிகாரியாகிவிடுவான் என்று அப்பா நம்பினார். அவர் தங்கைதான் அத்தை. கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு, பின்னால் வேலி போட்ட கொஞ்சம் காலி இடம். மாமா அதுவரை வேறொருவருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு கல்யாணம் கல்யாணமாக நடந்தவர். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் ஐந்தாவது படித்த வருடம், கார்த்திகை தீபத்துக்கு நடக்கும் மாட்டுச் சந்தையில் வாங்கிவிட்டார். அந்தச் சந்தையில் குதிரைகளும் வரும். தீபத்துக்கு மறுநாள் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாராம். அத்தை சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இவ எனக்கு மூத்தவளா, எளயவளா?" என்று கேட்டிருக்கிறாள்.

"வயசுல எளயவ. தீனி உன்னவிட ஜாஸ்தி."

"யாருக்கு மொதல்ல சோறோ அவதான் மூத்தவ" என்று அத்தை சொல்ல, அன்றிலிருந்து அதற்கு மூத்தவள் என்றே பெயர். நான் போய்ச் சேர்ந்தபோது நானும் அப்படியே கூப்பிடக் கற்றுக்கொண்டேன்.

வீடியோவில் தெரிவதைவிட மூத்தவள் உயரம். முழு வெள்ளை என்று நினைத்திருப்பீர்கள். கிட்டப் போனால் கழுத்திலும் தொடையிலும் எள் தூவின மாதிரி சாம்பல் புள்ளிகள் இருக்கும். வேர்த்தால் உப்பும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாசனை வரும். எனக்கு இன்றைக்கும் எங்காவது மழையில் நனைந்த கோணிப்பை வாசனை வந்தால் போதும், கை தானாக எதையோ தடவப் போகும். அவளுக்கு என் வேலை மூன்று. இரவு கொள்ளு ஊறவைப்பது, காலையில் சாணி அள்ளுவது, அப்பா பஸ் மேலே போட்டு அனுப்புகிற வேர்க்கடலைக் கொடிக் கட்டை பஸ் ஸ்டாண்டில் இறக்கிக்கொண்டு வருவது. கடலைக் கொடி என்றால் மூத்தவளுக்கு உயிர். கொடியில் தப்பித்தவறி ஒட்டியிருக்கும் பிஞ்சுக் கடலையைத் தனியாக உதட்டால் தேடி எடுத்துத் தின்னும். அந்த உதடு உள்ளங்கையில் படும்போது கூசும்.

கல்யாணக் குதிரைக்குச் சத்தம் பழக வேண்டும். வெடிக்கு மிரண்டு மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டால் அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். மாமா அதைப் பழக்கிய விதம் எனக்கு இப்போதும் அதிசயம்தான். அது தின்னும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் தட்டை மெதுவாகத் தட்டுவார். ஒரு வாரம் மெதுவாக, அடுத்த வாரம் கொஞ்சம் பலமாக. பிறகு தெருமுனையில் என்னை நிறுத்தி ஒற்றை ஊசிவெடி போடச் சொல்வார். ஒரு நாளைக்கு ஒன்று. பத்து நாளைக்கு ஒருமுறை நான் நாலடி கிட்ட வர வேண்டும். கடைசியில் வேலிக்குப் பக்கத்திலேயே சரம் வெடித்தாலும் அது காதை மட்டும் ஆட்டிவிட்டுத் தின்றுகொண்டிருந்தது. சத்தம் என்றால் சோறு என்று அதற்குப் பதிந்துவிட்டது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். மாமா என்னை வாடா என்பார், அத்தையை வாடி என்பார், மூத்தவளை மட்டும் 'வாங்க' என்பார். "கொஞ்சம் நகருங்க. காலக் குடுங்க. இன்னா கோவமா?" அத்தை அடுப்படியிலிருந்து, "ஒன்பது வருசத்துல ஒருநாள் என்ன இப்டிக் கேட்டிருப்பியா?" என்பாள். அத்தைக்கு அதில் கோபம் ஒன்றுமில்லை. மாமாவின் வண்டிச் சத்தம் தெரு திரும்பும் முன்பே மூத்தவள் கனைக்கும். அதைக் கேட்டுத்தான் அத்தை உலை வைப்பாள்.

மாமா ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. வெளியாள் முன்னால் சேணத்தைக் கழற்றமாட்டார். சேணம் இல்லாத நேரத்திலும் முதுகில் ஒரு மெத்தைத் துணி கட்டியே இருக்கும். ஈ கடிக்காமலிருக்க என்று சொல்வார். குளிப்பாட்டுவதும் விடியற்காலையில்தான், மலைக்குப் பின்பக்கம் ஆள் வராத ஒரு குட்டையில். கூட நான் மட்டும் போவேன். ஒருநாள் தேங்காய் நாரால் முதுகைத் தேய்க்கும்போது, நடுமுதுகின் இரண்டு பக்கமும் மயிர் வட்டமாகச் சுழித்திருப்பதைப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று நேராக, அளந்து வைத்த மாதிரி.

இதென்ன என்று கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், அதற்குப் பாடைச் சுழி என்று பெயர், பாடையின் இரண்டு பக்கம் மாதிரி இருக்கிறதல்லவா, அந்தச் சுழி உள்ளது வீட்டுக்கு வந்தால் ஒரு வருடத்துக்குள் அந்த வீட்டில் ஒரு சாவு விழும் என்பார்கள். சந்தையில் நாலு நாளாக யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை. ஒவ்வொருவரும் வந்து முதுகைத் தடவுவது, கையை உதறிக்கொண்டு போவது. போகிறவர்களையெல்லாம் அது திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். அதைப் பார்த்தபின் அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வர மாமாவுக்கு மனம் வரவில்லை.

"நீ பள்ளிக்கூடம் போற புள்ள. சொல்லு, நீ நம்புறியா?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மயிர் சுழித்தால் மனுசன் எப்படிச் சாவான் என்று கேட்டேன். என்னவோ எல்லாம் படித்து முடித்துவிட்டவன் மாதிரி.

"அப்ப சரி. வெளிய மட்டும் சொல்லாத. தெரிஞ்சா ஒருத்தனும் மாப்ளைய ஏத்தமாட்டான். தீபம் வந்தா ஒரு வருசம். தாண்டட்டும், நானே ஊரக் கூட்டி சேணத்தத் தூக்கிக் காட்டுறேன்."

அந்த ரகசியம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் உங்களோடு உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் அத்தைக்கு வயிற்றில் தங்கியிருந்தது. நான் போனபோதே மூன்று மாதம். ஒன்பது வருடம் கழித்து. மாமா கல்யாணத்துக்குப் போய் வரும்போதெல்லாம் மூத்தவளின் நெற்றிச்சுட்டியில் தொங்கும் மல்லிகையை அவிழ்த்து அத்தைக்குக் கொடுப்பார். அவள் முகர்ந்து பார்த்து, "குதிர வாசன அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே வைத்துக்கொள்வாள். ஐப்பசியில் மழை பிடித்தது. அத்தைக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கொலுசைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டுக் கழற்றினோம். அந்தத் தடம் ஒரு நாள் முழுக்க மறையவில்லை. தலைவலி. அடுப்பருகே உட்கார்ந்தால் கண்ணில் மின்மினி பறக்கிறது என்றாள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமைதோறும் தவறாமல் வந்து காட்ட வேண்டும், ஒரு வாரம்கூட விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

எனக்கோ பயம் வேறு பக்கமாக வந்தது. வருடம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தால் போதும், எனக்கு அந்த இரண்டு சுழிகள்தான் தெரியும். மாமாவிடம் போய் நின்று பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை. மயிர் சுழித்தால் மனுசன் எப்படிச் சாவான் என்று சொன்னவன் நான்தானே.

அப்பா கடலைக் கொடியோடு தானே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைப் பஸ் ஏற்றப் போன வழியில் சொல்லிவிட்டேன். பஸ் ஏறப் போனவர் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். அதுவும் போயிற்று. பிறகு, "இத யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அதே வார்த்தையை அந்த வருடத்தில் இரண்டாவது முறையாகக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில், அத்தை சுகாதார நிலையத்துக்குப் புறப்பட்டுத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, அப்பா சந்தைத் தரகர் ஒருவரோடு வந்தார். நேராகப் பின்பக்கம் போனார்கள். தரகர் துணியைத் தூக்கி விரலை ஒருமுறை ஓட்டினார். "ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை இழுத்து மூடினார்.

அப்பா தன் தங்கை புருஷனை எப்போதும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். அன்று மட்டும் மாறியது.

"தெரிஞ்சேதான் கட்டி வச்சிகினு இருந்தியா?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். அந்த வீட்டில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யார் சொன்னது என்று அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

அத்தைதான் பேசினாள். "இல்லண்ணா, அது வந்தப்புறம்தான எனக்கு வயித்துல தங்கிச்சி. அது இன்னா பண்ணுச்சி? எனக்கு ஒன்னும் ஆவாது."

"தங்கினதாலதாம்மா பயமாயிருக்குது" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "உன் கால நீயே பாரு."

எல்லோரும் அத்தையின் காலைப் பார்த்தோம். மதியம் வரை பேச்சு நடந்தது. அன்றைக்கு யாரும் சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை.

அதே வாரம், தீபத்துக்கு மூன்று நாள் முன்னால், சந்தையில் விற்றார்கள். சுழி பார்க்காத ஆள் ஒருவர் வாங்கினார், எங்கோ தூரத்து ஊரில் பாரம் இழுக்க என்று சொன்னார். இவ்வளவு நாள் ஜம்மென்று பூவும் சுட்டியும் போட்டு நடந்ததைப் பாரம் இழுக்கவா என்று இருந்தது எனக்கு. புறப்படும்போது அத்தை ஒரு கை வெல்லம் கொண்டுவந்து ஊட்டினாள். "போய் வாங்க" என்றாள். அவளும் 'ங்க' போட்டு அதைப் பேசியது அப்போதுதான்.

சின்ன லாரி. பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மூத்தவள் ஏறமாட்டேன் என்றது. முன்னங்காலைப் பலகையில் வைக்கும், அது அதிர்ந்ததும் எடுத்துவிடும். நாலு பேர் கயிற்றை இழுத்தார்கள். ஒருவன் பின்னால் குச்சியை ஓங்கினான். மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காத. ஏறுவாங்க" என்றார்.

அவர் பலகையில் நடந்து லாரிக்கு உள்ளே போய் நின்றார். திரும்பி, எப்போதும் போல, "வாங்க" என்றார். மூத்தவள் காதை நிமிர்த்திக்கொண்டு, ஒரே மூச்சில் அவர் பின்னால் ஏறிவிட்டது. அவர் சட்டைப் பையில் மூக்கை வைத்தது. மாமா அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கவாட்டுப் பலகை மேல் கால் வைத்துத் தாண்டிக் கீழே குதித்தார். பின்னால் கதவை ஏற்றினார்கள். அது கனைக்கவில்லை. அவர் குதித்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. லாரி கூட்டத்துக்குள் போகும்வரைக்கும் பேண்டு, வெடி, ஒலிபெருக்கி எல்லாம் காதைப் பிளந்தன, அது அசையவில்லை. அப்படித்தானே பழக்கியிருந்தோம்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிட்டது. அதுதான் தப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. அப்பா, "சனியன் உட்டுச்சி, இனிமே எல்லாம் தன்னால சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். காலையில் எழுந்திருக்கும்போது அத்தையின் கால் வீக்கம் கொஞ்சம் கம்மியாகத் தெரியும். பாத்தியா, பாத்தியா என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். தீபம் ஏற்றி முடிந்தது. வருடம் தாண்டிவிட்டது. நான் நோட்டில் கடைசிக் கோட்டை அடித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தை, "போயி காட்டிட்டு வந்துரலாமா? தல வலிக்குது" என்று கேட்டாள். மாமா பின்பக்கம் வெறும் முளைக்குச்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அதான் போயிடுச்சில்ல. இன்னும் இன்னா பயம்? அடுத்த வாரம் போலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, நான் பள்ளிக்குப் பை எடுத்துக்கொண்டிருக்கும்போது அத்தைக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது நான் அவள் காலைப் பிடித்திருந்தேன். என் விரல் பட்ட இடம் குழியாகிக் குழியாகவே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை.

ஒரு வருடக் கணக்குக்கு மேல் அன்றைக்குச் சில நாட்கள் தாண்டியிருந்தன. அந்த நாட்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சுழி பலித்துவிட்டது என்றார்கள். விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்தது. பதினாறாம் நாள் காரியம் நடக்கும்போது, மூத்தவள் மேல் மாப்பிள்ளையை ஏற்றின ஒரு குடும்பத்தார் வாசலில் வந்து நின்று, "எங்க புள்ளையயும் அதும்மேலதான ஏத்தின?" என்று கேட்டார்கள். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். (அந்த வீடியோவில் அதன் மேல் உட்கார்ந்து வருகிற அண்ணனுக்கு இப்போது இரண்டு பெண் பிள்ளைகள். நல்லா இருக்கிறார்கள்.)

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நான் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்பதற்கும் இதுதான் பதில். அப்பா என்னை வேறு ஊரில் ஹாஸ்டலில் போட்டுவிட்டார்.

படித்தேன். அதிகாரி ஆகவில்லை, நர்ஸ் ஆனேன். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, வகுப்பில் மேடம் கர்ப்பிணிகளுக்கு வரும் ஆபத்துக் குறிகளைப் பலகையில் வரிசையாக எழுதினார். கால் வீக்கம். தலைவலி. கண்ணில் மின்னுவது. பிறகு வலிப்பு. ரத்த அழுத்தத்தை வாரவாரம் பார்க்க வேண்டும், மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, நேரத்துக்கு வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்றார். நான் எழுதிக்கொண்டே வந்து பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். நர்ஸம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் அப்பாவிடம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்தக் கால் வீக்கத்துக்கு எங்களுக்கு வேறு காரணம் கிடைத்திருக்காது. இரண்டு செவ்வாய்க்கிழமையும் போயிருப்பார்கள்.

இதை மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பல வருடம் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு கோழிகூட வளர்க்கவில்லை. "அவ பாடைய நான்தான்டா கயித்தப் புடிச்சி ஊட்டுக்குக் கூட்டியாந்தேன்" என்று எப்போதாவது சொல்வார். சுழியை நம்பாமல் மூத்தவளைக் கொண்டுவந்தவர், அத்தை போனதோடு நம்ப ஆரம்பித்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்தப் பாரம் இறங்குமா, இல்லை அதைவிடக் கனமான ஒன்று ஏறுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தேன். தலை சுற்றுகிறது என்றார். பையிலிருந்த கருவியை எடுத்து அவர் கையில் பட்டையைக் கட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அத்தைக்கும் இதத்தான் கட்டிப் பாத்தாங்க. இதுல இன்னாடா தெரியும்?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழுத்தம், வீக்கம், மின்மினி, மாத்திரை. அப்பாவிடம் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"அது தெரியும். பயந்தா புள்ள அப்பங்கிட்டத்தான் போவும்" என்றார். பிறகு, "அப்ப அவங்க மேல ஒன்னும் இல்லியா?" என்று கேட்டார். மூத்தவளைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"ஒன்னும் இல்ல மாமா."

முகம் ஒரு நொடி தெளிந்தது. நான் பயந்தது வீண் என்று நினைத்தேன். கையிலிருந்த பட்டையைத் தானே அவிழ்த்தார். அதை ஒழுங்காக மடித்து என்னிடம் கொடுத்தார். வெளியே ஏதோ ஆட்டோ போயிற்று.

"செவ்வாக்கிழமதான வரச் சொன்னாங்க?"

"ஆமா மாமா."

"அவங்கள வித்தப்புறம் வந்த செவ்வாக்கிழம எனக்கு வேலையே இல்லடா" என்றார். "காலையிலருந்து சும்மாதான் உக்காந்திருந்தேன்."